குட்டை தெளிந்தது

ஒரகடத்தில் ஒரு பெயின்ட் கம்பெனி. அதன் கழிவுநீர்த் தொட்டிக்குச் சோறு போடுவதுதான் நம்பிராஜனின் வேலை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை. தொட்டியில் அழுக்கைத் தின்னும் கிருமிகள் உண்டு. பெயின்ட் தண்ணீரில் அவற்றுக்குத் தழைச்சத்து கிடைக்காது என்பதால் தினமும் யூரியாவை அளந்து கொட்ட வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்து விவசாயி மகன் எங்கே அளப்பான்? பயிர் வெளுத்தால் ஒரு பிடி கூடுதலாக வீசிப் பழகிய கை. ஆடியில் தொட்டி வெளுத்து நுரைத்ததும் அரை மூட்டையை முழு மூட்டையாக்கினான். நுரை அடங்கி, தண்ணீர் பளிச்சென்று வெளியேறியது.

"இன்னா கைடா உனக்கு! இப்டியே போட்டுகினு இரு," என்றார் சூப்பர்வைசர் ரத்தினம். தினசரிச் சோதனையில் அம்மோனியா மட்டும் பார்ப்பார்கள். அது அளவுக்குள் இருந்தது. மிஞ்சிய யூரியா அம்மோனியாவாக உடையாமல் யூரியாவாகவே வெளியே போனது. அதைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தண்ணீர் பிள்ளைப்பாக்கம் பக்கத்துக் குட்டையில் போய்ச் சேரும். குட்டைக் கரையில் லூர்தம்மாள் வீட்டு மாடி அறையில்தான் நம்பிராஜனின் வாடகை வாசம். லூர்தம்மாளுக்குப் புருஷன் இல்லை. ஒரு எருமையும் ஒரு கன்றும்தான் அவள் பிழைப்பு.

ஆவணியில் குட்டை பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் ஆகி நாறியது. எருமை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இரண்டு நாளுக்கொருமுறை வரும் குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கியே லூர்தம்மாளுக்கு இடுப்பு விட்டுப்போனது.

குட்டைத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்கக் காலேஜிலிருந்து வந்த மதிவதனிதான் அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். "இது விஷப் பாசிண்ணா. எங்கிருந்தோ யூரியா வருது. அதை அப்படியே தின்னு வளருது. தின்னத் தின்ன விஷமும் கூடும். மாட்டை இறக்க விடாதீங்க." போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போனாள்.

எங்கிருந்தோ! எங்கிருந்தென்று நம்பிராஜனுக்குத் தெரியும். மறுநாள் யூரியாவைப் பாதியாகக் குறைத்தான். தொட்டி பொங்கி நுரைத்தது. ரத்தினமே வந்து மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். "தொட்டி செத்தா நீயும் நானும் வூட்டுக்குத்தான் போவணும். அம்மோனியா கரெக்டா கீதுல்ல? மூடிகினு வேலையப் பாரு."

சரி, கெடுத்தவனே திருத்துகிறேன் என்று கிளம்பினான். பாசிக்கு மயில்துத்தம் போடுவது ஊரில் பார்த்த வைத்தியம். சிங்கப்பெருமாள் கோவில் கடையில் இரண்டு கிலோ வாங்கித் துணியில் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு அலைந்தான். ஐந்தாம் நாள் குட்டை தெளிந்தது. அடித்தரை தெரிந்தது, நாற்றமும் இல்லை.

"கைராசிக்காரன்பா நீ!" என்று லூர்தம்மாள் கூவிக்கொண்டே எருமையை இறக்கினாள். அது ஆசை தீரக் குடித்தது. அன்றுதான் பல நாளைக்குப் பிறகு நம்பிராஜன் வயிறாரச் சாப்பிட்டான்.

விடிந்தபோது எருமை கழுத்தை நீட்டிக் கிடந்தது. மாட்டு டாக்டர் வருவதற்குள் செத்துப்போனது. அவன் மதிவதனிக்கு போன் செய்தான்.

"துத்தம் போட்டீங்களா? ஐயோ அண்ணா! பாசி உயிரோட இருக்கிறப்ப விஷம் அதுக்குள்ளயே இருக்கும். செத்தா உடைஞ்சு மொத்தமும் தண்ணியில கலந்துடும். பச்சையா நாறுனா மாடு குடிக்காது. தெளிஞ்சா..."

படியிறங்கிப் போய் லூர்தம்மாள் முன்னால் நின்றான். வெட்கமில்லாமல் அழுதான். "யக்கா, யூரியாவப் போட்டதும் நாந்தான், துத்தத்தப் போட்டதும் நாந்தான். எருமையக் கொன்னது நாந்தான்க்கா."

அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "போப்பா. குட்டைய சுத்தம் பண்ணது ஒரு தப்பா? அதுக்கு நேரம் வந்துச்சு, போய்டுச்சு." கன்றை அவிழ்த்தாள். "கொழாய்ல இன்னிக்கும் தண்ணி வரல. இத்த எங்க இட்டுனு போவட்டும், நீயே சொல்லு."

அவன் மாடிக்கு ஓடி, தன் குடிதண்ணீர் கேனைக் கொண்டுவந்து வாளியில் கவிழ்த்தான். கன்று ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு, இன்னும் வேண்டுமென்று குட்டைப் பக்கம் கயிற்றை இழுத்தது.

தெருமுனையில் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. தொட்டிக்குச் சோறு போடும் நேரம்.