கம்ப்யூட்டரைக் கெடுத்தவள்

அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் சத்யப்ரியா, முட்டுகிற காளைக்கும் பயப்படாமல் தண்ணீர் காட்டுவாள். கம்ப்யூட்டர் மவுஸைத் தொடச் சொன்னால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். தான் தொட்டால் கெட்டுப்போகும் என்று நினைப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் என்று உட்கார வைத்ததில் அவளுக்கு வாய்த்தவன் முத்துப்பாண்டி. அவனுக்குப் பயமே கிடையாது. பாடமும் தெரியாது என்பது வேறு விஷயம். மவுஸை மாமன் வீட்டுச் சீர் போல அவன் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். டீச்சர் கேள்வி கேட்டால் அவன்தான் முந்திக்கொண்டு தப்பாகச் சொல்வான். சரியான பதிலை இவள் வாய்க்குள்ளேயே மென்றுகொண்டிருப்பாள். கடைசியில், வரலாற்றுப் பிரிவுக்கே மாறிவிடுவதாகத் தமிழ்வாணி டீச்சரிடம் சொன்னாள். ஆயுத பூஜை லீவு முடிந்து நடக்கும் செய்முறைத் தேர்வை நீயாகச் செய், அப்புறமும் போகத் தோன்றினால் போ என்றார் டீச்சர். ஆசையாய் எடுத்த கம்ப்யூட்டர் பிரிவு. விட மனசில்லை, இருக்கத் தைரியமில்லை.

லீவுக்கு முதல் நாள் நடந்த பூஜையில் பொட்டு வைக்கும் வேலை அவளுக்கு. பயந்தவர்களுக்குப் பக்தி எப்போதும் ஒரு பிடி கூடுதல். தன் மவுஸைப் புரட்டி, அடியில் சிவப்பாக எரியும் இடத்திலும் கனமாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, மனமுருகி வேண்டிக்கொண்டாள்.

தேர்வன்று மவுஸை நகர்த்தினாள். திரையில் அம்புக்குறி அசையவில்லை. அவளுக்கு அழுகை முட்டியது. அவள் முறை முடியும்வரை சும்மா இருக்க டீச்சர் சொல்லியிருந்தும் முத்துப்பாண்டி எட்டிப் பார்த்து, வைரஸ்தான், மதுரையிலிருந்து ஆள் வரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். கைக்கு எட்டிய பட்டனையெல்லாம் தட்டவும் செய்தான்.

இதைக் கடைசியாக எப்போது தொட்டோம் என்று சத்யப்ரியா யோசித்தாள். பூஜையன்று. மவுஸைப் புரட்டினாள். சந்தனம் காய்ந்து விளக்கை அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி, கைக்குட்டையால் துடைத்து வைத்தாள். அம்பு ஓடியது.

எதற்கு இத்தனை நாள் பயந்தாளோ அதை நிஜமாகவே செய்துவிட்டாள். அதற்கு வைத்தியம் ஒரு நகம்தான் என்றதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

என்ன கோளாறு என்று கேட்டுக்கொண்டே டீச்சர் வந்தார்.

"நாந்தான் டீச்சர் கெடுத்தேன். நானே சரிபண்ணிட்டேன்," என்றாள்.

பழக்கதோஷத்தில் முத்துப்பாண்டி கையை நீட்டினான். "சரி, இங்கிட்டுத் தா."

"இரு," என்றாள் சத்யப்ரியா. "நான் இன்னும் எம்புட்டோ கெடுக்க வேண்டியிருக்கு."