வகுப்பா, வைத்தியமா?

வித்யாலட்சுமி மைக்கைப் பிடித்தபோது அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தனுஷியாவுக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தின் பேச்சு, செவிப்புலன் துறை நடத்திய விழிப்புணர்வு நாள் அது. நோயாளர் குடும்பங்களிலிருந்து யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று அறிவித்ததும், முன்வரிசையில் கணவரோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா தானாகவே எழுந்து மேடைக்குப் போய்விட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பாரிசவாதம் வந்து, வலப்பக்கம் விழுந்து பேச்சே நின்னுபோச்சுங்க. புறக்கோட்டையில கடை வச்சு அத்தனை பேரை வேலை வாங்கின மனுசன், தண்ணி வேணும்னு கேக்க வராம அழுதாரு. இன்னைக்கு என் பேரைச் சொல்றாரு. எல்லாம் இந்த தனுஷியா டீச்சர் பார்த்த வைத்தியம்."

மண்டபம் கைதட்டியது. தனுஷியாவுக்குக் கூச்சமாகவும் சந்தோசமாகவும் இருந்தது. சிறப்பு விருந்தினருக்கு யாரோ அதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் சிகிச்சை செய்கிறவர்களின் பதிவைக் கவனிக்கும் சபையின் உறுப்பினர். கேட்டு முடித்ததும் கைதட்டாமல் தனுஷியாவையே பார்த்தார்.

தேநீர் இடைவேளையில் துறைத் தலைவர் றொஹான் அவளை ஓரமாக அழைத்தார். அவர்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

"உங்கள் பதிவு இருக்கிறதுதானே?"

"இருந்தது. மேற்படிப்புக்கு வெளிநாடு போன காலத்தில் புதுப்பிக்கவில்லை. திரும்பி வந்து விசாரித்தபோது, படிப்பிக்கிறவர்களுக்கு அது தேவையில்லை என்றார்கள்."

"யார் சொன்னது?"

"எங்கள் அலுவலகத்தில்தான்."

றொஹான் தேநீரைக் குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கும் அங்கேதான் சொன்னார்கள்" என்றார்.

தனுஷியா பேச்சுச் சிகிச்சை படித்தவள், அதில் கலாநிதிப் பட்டம் பெற்றவள், இப்போது சிரேஷ்ட விரிவுரையாளர். நோயாளரைப் பார்த்துப் பல வருடங்களாகிவிட்டன. பாரிசவாதத்தால் பேச்சிழந்தவர்களோடு தமிழில் எப்படி வேலை செய்வது என்று மாணவர்களுக்குக் காட்ட ஒருவர் தேவைப்பட்டார். அப்படித்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து சத்தியநாராயணன் வந்து சேர்ந்தார். புதன்கிழமைதோறும் மனைவி வித்யாலட்சுமி அவரை வகுப்புக்கு அழைத்து வருவார். தனுஷியா அவருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் உச்சரித்துக் காட்டுவாள். மிச்சத்தை அவர் தேடிப் பிடிப்பார். மாணவர்கள் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். அது வகுப்பு என்பதில் அவளுக்கு அதுவரை சந்தேகமே வந்ததில்லை.

அடுத்த வாரம் பதிவுச் சபையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கிளறன்ஸ் என்ற உத்தியோகத்தர் இருந்தார். வத்தளைக்காரர். அவள் பெயரைக் கேட்டதுமே தமிழுக்கு மாறிவிட்டார்.

"பயப்படாதீங்க மிஸ், இது ஒரு விளக்கம் மட்டும்தான். நீங்க அந்த ஐயாவை ட்ரீட் பண்ணினீங்களா?"

"இல்லை. நான் படிப்பிச்சனான்."

"யாரை, ஐயாவையா?"

"இல்லை, பிள்ளையளை. அவரை வைச்சுக் காட்டினனான்."

"ஆனா அவருக்குக் குணமாகியிருக்கே?"

"முழுக்க இல்லை. கொஞ்சம் கதைக்கிறார்."

"அப்ப அது ட்ரீட்மெண்ட்தானே மிஸ்?"

"அவர் கதைக்காமலே இருந்திருந்தா?"

கிளறன்ஸ் பேனாவை மூடினார், திறந்தார். "அப்ப அது லெக்சர்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது சரியாகப் படவில்லை. "பொறுங்க, கேட்டுட்டு வாறேன்" என்று உள்ளே போனார்.

திரும்பி வந்தவர் இன்னும் குழம்பியிருந்தார். பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் அண்மைக் காலத்தில் நோயாளரோடு வேலை செய்த மணித்தியாலங்களைக் காட்ட வேண்டும். புதன்கிழமைகளைச் சிகிச்சை என்று சொன்னால் மணித்தியாலம் கிடைக்கும், ஆனால் பதிவில்லாமல் சிகிச்சை செய்த குற்றம் வரும். வகுப்பு என்று சொன்னால் குற்றம் இல்லை, மணித்தியாலமும் இல்லை.

"ரெண்டுல எது உண்மை எண்டு நீங்க எழுதித் தாங்க, மிஸ். அதுவரைக்கும் அந்த ஐயாவைப் பார்க்காம இருக்கிறது நல்லம்."

வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அன்றிரவு சாப்பாட்டின்போது கணவன் சாரங்கனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒரு வங்கியில் வேலை செய்கிறவன்.

"லேசான விசயம்தானே. வகுப்பு எண்டு எழுதிக் குடும்" என்றான்.

"வகுப்புத்தான். ஆனா ஒருநாள் மணியடிச்சுப் பிள்ளையள் எல்லாரும் போயிட்டினம். நான் போகேல்லை. அவரும் நானும் தனிய இருந்து வேலை செய்தனாங்கள். பார்க்க ஒருத்தரும் இல்லை. அது என்ன?"

சாரங்கன் கையைக் கழுவிவிட்டு வந்து யோசித்தான். "எனக்குத் தெரியாது. உமக்கெல்லோ தெரியவேணும்."

"எனக்கும் தெரியேல்லை. அதுதான் கேக்கிறன்."

புதன்கிழமை வகுப்புக்கு வரவேண்டாம் என்று தொலைபேசியில் சொல்ல மனம் வராமல், அவள் கொட்டாஞ்சேனைக்கே போனாள். வித்யாலட்சுமி வாசலுக்கு வந்து அழைத்துப்போய்க் காப்பி கொடுத்தார். சத்தியநாராயணன் வெள்ளை வேட்டியும் திருநீறுமாக நாற்காலியில் இருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

தனுஷியா விசயத்தைச் சொல்லி முடித்தாள். வித்யாலட்சுமிக்குப் பிடிபடவில்லை.

"அப்போ நீங்க டாக்டர் இல்லீங்களா? பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருக்கே."

"அது படிச்சு எடுத்த பட்டம், அம்மா. வைத்தியர் இல்லை."

"உங்ககிட்ட படிச்ச பிள்ளைங்க வைத்தியம் பாக்கலாமா?"

"ஓம். அவையள் பதிஞ்சவை."

"நீங்க பாக்கக் கூடாதா?"

"இப்போதைக்குக் கூடாது."

"அது எப்படிங்க டீச்சர்?"

"எனக்கும் வடிவா விளங்கேல்லை, அம்மா."

வித்யாலட்சுமியின் கண் கலங்கியது. "நான் மேடையில பேசினதாலதானே இவ்வளவும்? நல்லது சொல்றேன்னுதானே போனேன்."

அப்போது சத்தியநாராயணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இடது கையை உயர்த்தி, "கடை... கடை..." என்றார். அடுத்த சொல் வரவில்லை. கடை பூட்டிவிட்டதா என்று கேட்கிறாரா, கடைசி நாளா என்று கேட்கிறாரா, இரண்டு பெண்களுக்கும் விளங்கவில்லை. ஒரு எழுத்தை எடுத்துக்கொடுத்தால் போதும், அவருக்கு வந்துவிடும். தனுஷியா உதட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படாமல் காத்திருப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று வகுப்பில் சொல்கிறவள் அவள்தான். சும்மா இருந்தாலும் சிகிச்சை, வாய் திறந்தாலும் சிகிச்சை என்றால் இந்த அறையில் தான் எப்படித்தான் உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கையைத் தாழ்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் காப்பியை முடிக்காமலே விடைபெற்றாள்.

அன்று மாலையே சபைக்கு எழுதினாள். வகுப்பு என்றும் எழுதவில்லை, சிகிச்சை என்றும் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாள். மாணவர்களுக்காகத் தொடங்கியது, சில நாட்களில் மாணவர்கள் இருப்பதையே தான் மறந்தது, ஒருநாள் அவர்கள் போன பிறகும் தொடர்ந்தது. இதற்கு என்ன பெயர் என்பதைச் சபைதான் சொல்ல வேண்டும் என்று முடித்தாள்.

பதில் வர நாளாயிற்று. புதன்கிழமைகளில் மாணவர்களுக்கு வீடியோ போட்டுக் காட்டினாள். சத்தியநாராயணன் வீட்டில் முன்னைப்போல் பேச முயல்வதில்லை என்று வித்யாலட்சுமி ஒருமுறை சொன்னார். அதைக் கேட்ட பிறகு அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தால் எடுக்கவே தனுஷியாவுக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் சபை ஒரு வழி சொன்னது. எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறோம், பதிவுள்ள ஒருவரின் மேற்பார்வையில் சில மாதங்கள் வேலை செய்தால் புதுப்பித்துத் தருகிறோம். வகுப்பா, வைத்தியமா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மேற்பார்வை செய்ய முன்வந்தவன் ஸியாம். கொட்டாஞ்சேனையில் ஒரு சிகிச்சை நிலையத்தில் வேலை செய்கிறான். அவளிடம் படித்தவன். முதல்நாள் அவளைக் கண்டதும் தன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"மிஸ் இங்க உக்காருங்க. நான் எப்படி மிஸ் உங்கட வேலைக்கு சைன் வெக்கிற?"

"நீர் இரும், ஸியாம். நான் ஸ்டூலில இருக்கிறன். சைன் வைக்கிறது இப்ப உம்மட வேலை."

இரண்டு பேருமே கொஞ்சநேரம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள்.

சத்தியநாராயணனை அங்கேயே கொண்டுவரச் சொன்னாள். அவர் வந்தார், ஆனால் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் வழக்கம்போலத் தொடங்கினாள். "முதல்ல நாங்கள் தெரிஞ்ச சொல்லொண்டை எடுப்பம். முதல் சத்தத்தை மட்டும் தாறன். அப்ப சொல் தானா வரும், ஏனெண்டா..."

"மிஸ்" என்றான் ஸியாம், தயங்கித் தயங்கி. "குறை நினைக்க வேணாம். நீங்க எனக்கு விளங்கப்படுத்துறீங்க. அவரோட கதைங்க."

அவன் சொன்னது சரிதான். இத்தனை நாளும் அவள் சத்தியநாராயணனுக்கு முன்னால் உட்கார்ந்து, அவருடைய தலைக்கு மேலாகப் பின்வரிசை மாணவர்களோடுதான் பேசியிருக்கிறாள். மணியடித்து எல்லோரும் போன அந்த ஒரு நாளைத் தவிர. அவர் அவள் பெயரை முதன்முதலில் சொன்னதும் அன்றுதான் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவள் ஸ்டூலை இழுத்துக் கிட்டப் போட்டாள். "ஐயா, என்னோட கோபமோ?"

அவர் வெகுநேரம் எடுத்தார். ஸியாம் அசையவில்லை. வித்யாலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வர... இல்ல" என்றார் அவர். பிறகு, "நீ. வரல."

"ஓம், வரேல்லை. வர விடேல்லை, ஐயா. இனி வருவன்."

பதிவு கைக்கு வந்த பிறகும் வாரத்தில் ஒரு காலை அந்தச் சிகிச்சை நிலையத்துக்குப் போக அவள் துறையில் அனுமதி கேட்டாள். றொஹான் அதில் கையெழுத்திட்டுவிட்டு அவளை இருக்கச் சொன்னார்.

"நானும் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா? நான் செவிப்புலன் பரிசோதனையை மாணவர்களின் காதிலேதான் செய்து காட்டுகிறேன். அவர்கள் நோயாளர்கள் இல்லையே."

"ஒருவருக்கு உண்மையிலேயே காது கேட்கவில்லை என்று தெரியவந்தால்?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, கிளறன்ஸின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.