சரளை முற்றத்துக் காலடிகள்

முற்றத்தில் சரளைக்கல் பரப்பிய வாரத்தில், இன்சூரன்ஸ் ஏஜென்ட் அந்த வீட்டுக்கு வருவதற்கு ஒரு நாள் முன்னதாகவே அவருடைய காலடிச் சத்தம் வந்து சேர்ந்தது. வெளிக்கதவிலிருந்து சரக் சரக்கென்று நடந்து வந்தது, வாசற்படி அருகே சற்று நின்றது, யாரும் ஏனென்று கேட்காததால் திரும்பிப் போனது. மறுநாள் ஏஜென்ட் நேரில் வந்தபோது ஒரு கல்கூட வாயைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே திடீரென்று நின்று "அம்மா" என்றார். உள்ளே தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஊசியைத் தன் விரலிலேயே இறக்கிக்கொண்டார். அந்த வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது நினைத்தாலே போதும், முற்றம் அப்போதே சத்தம் போட்டுவிடும். ஆள் வந்து நிற்கும்போது போடுவதற்கு அதனிடம் சத்தம் மிச்சமிருக்காது. வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் இது பிடிபட ஒரு மழைக்காலம் ஆனது.

அவர்கள் கேட்டது அற்புதம் அல்ல, ஓய்வு. வீடு ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்தது. வீட்டைவிட முற்றம் பெரிது. ஒரு தூறல் போட்டால் போதும், களை முளைத்துவிடும். மகள் இருந்தவரை தாயும் மகளுமாகப் பேசிக்கொண்டே பிடுங்கிப் போடுவார்கள். மகள் வீட்டைவிட்டுப் போன பிறகு மொத்தமும் தையல்காரம்மாவின் முழங்கால்மேல் வந்து விழுந்தது. கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆளே இல்லாத வளைவிலும் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போவார் என்பதால் வழியெங்கும் அவருக்கு 'ஹாரன்' என்றுதான் பெயர். ஓய்வுக்குப் பிறகு அந்த ஹாரன் அடங்கிவிட்டது. வெளிக்கதவைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், காலில் ஒரு குத்துப் புல் முளைத்தால்கூடக் குனிய மாட்டார்.

மகள் போன கதை ஊருக்கே தெரியும். அவள் அப்பாவிடம் லாரி ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்றார் அவர். ஒரு கிரேன் ஆபரேட்டரிடம் கற்றுக்கொண்டு வந்து, தண்ணீர் டேங்கர் ஓட்டும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். மண்ணாக இருந்த அதே முற்றத்தில் நின்றுகொண்டு, "இந்த வாசலத் தாண்டினா திரும்பி இங்க காலே வைக்காத" என்றார் அவர். அவள் தாண்டினாள். அம்மாவும் மகளும் போனில் பேசிக்கொண்டார்கள். ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். "கால் வைக்காதன்னு சொன்னவர் வைன்னு சொல்லட்டும், வரேன்" என்பாள் மகள். அவர் சொல்லவில்லை. போனைக் கையில் கொடுத்தாலும் யாரோ தெரியாதவர் குழந்தையை வாங்கிக்கொண்ட மாதிரி ஒரு கணம் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

முற்றத்தைப் போட்டது முறைப்படிதான். கொத்தனார் மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்தார், தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் வாட்டம் கொடுத்தார், திமிசு போட்டு இறுக்கினார், ஓரத்தில் செங்கலைக் குத்துக்கல்லாக நட்டார். அதன்மேல் களை முளைக்காமலிருக்க ஒரு கறுப்புத் துணி விரிக்க வேண்டும். துணியின் அகலம் போதாது. ஒன்றின் ஓரத்தை இன்னொன்றின்மேல் ஏற்றிவிட்டு முளை அடித்தால் போதும் என்றார் கொத்தனார். வாழ்நாள் முழுக்க ஓரம் மடித்துத் தைத்தவருக்கு அது எப்படிப் பொறுக்கும்? இரண்டு துணியையும் வீட்டுக்குள் இழுத்துப்போட்டு, நடுவில் இரட்டைத் தையல் போட்டு ஒன்றாக்கிவிட்டார். வேலைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் காத்திருந்தார்கள். பிற்பாடு சத்தம் கேட்க ஆரம்பித்ததும் கொத்தனார் பழியைத் தையல்மேல் போட்டார். "மண்ண மூச்சு விடாமத் தச்சுட்டீங்கம்மா, அது வேற எப்படிப் பேசும்?" என்றார்.

களை நின்றது, நிம்மதி போனது. மனிதர்கள் எவ்வளவு நினைக்கிறார்கள், எவ்வளவு குறைவாகச் செய்கிறார்கள் என்பது அந்த முற்றம் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஏணியை இரவல் வாங்கிப்போன பக்கத்து வயல்காரர் தினமும் காலையில் வந்தார், தினமும் பாதியிலேயே திரும்பினார், ஏணி வரவே இல்லை. ஹாரனின் தம்பி வாரம் தவறாமல் வாசற்படி வரை வந்துபோனார், நேரில் அவரைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. ரவிக்கை அளவு மாற்றிக்கொள்ள நினைத்த பெண்கள் கூட்டமாக வந்து இரைந்தார்கள். தையல்காரம்மா ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து ஜன்னலுக்குப் போவார், வந்து உட்காருவார், நூல் அறுந்திருக்கும், மறுபடி கோர்ப்பார், மறுபடி சத்தம். அடுப்பில் டீ கொதித்துக் கொதித்து வற்றும். மெஷின்காலை மிதிப்பதைவிட எழுந்து நடந்ததே அதிகம் என்று முழங்கால் சொன்னது. ஹாரன் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வதைத் தையல்காரம்மா கவனித்திருந்தார்.

ஒரு மத்தியானம் முற்றத்தில் கணவருடைய நடை கேட்டது. அந்த நடையைத் தூக்கத்திலும் தையல்காரம்மாவுக்குத் தெரியும். வருஷக்கணக்காகக் கிளட்சை மிதித்து மிதித்து ஹாரனுக்கு இடது கால் அழுத்தமாகவே விழும், வலது கால் விருந்தாளி மாதிரி மெதுவாக வரும். கடைக்கா போகிறீர்கள் என்று கேட்கத் தலையை நீட்டினால், அவர் நாற்காலியிலேயே இருந்தார். கல்மேல் நடந்தது அதே நடை, ஆனால் எடை குறைவு. இடது கால் அழுத்தம், வலது கால் மெதுவாக. வெளிக்கதவிலிருந்து வந்து, முற்றத்தின் நடுவில், துணியைத் தைத்திருந்த இடத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு திரும்பிப் போனது. தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். மகள் டேங்கர் ஓட்டுகிறாள் என்பதை அவர் அன்றைக்குத்தான் முழுசாக நம்பினார்.

அதன் பிறகு அந்த நடை அடிக்கடி வந்தது, ஒவ்வொரு முறையும் தையலில் வந்து நின்றது. எல்லாம் தன் கைவேலையால் வந்த வினை என்று முடிவுகட்டிவிட்டார் தையல்காரம்மா. கூடை கூடையாகக் கல்லை ஒதுக்கி, முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்த இரட்டைத் தையலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். நாற்காலியில் இருந்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்லை மறுபடி நிரவி முடித்த மறுநாள் அந்த நடை வந்தது, நடு முற்றத்தில் அதே இடத்தில் நின்றது.

"காரணம் தையல் இல்லைங்க," என்றார் தையல்காரம்மா, முழங்காலைத் தேய்த்தபடி. "நான் தச்சதப் பிரிச்சுட்டேன். நீங்க சொன்னத நான் எப்படிப் பிரிக்கிறது?"

மறுநாள் காலையில் நாற்காலி காலியாக இருந்தது, முற்றத்தின் நடுவில் ஒரு கூடைக் கல் குறைந்திருந்தது. ஹாரன் ஒரு துணிப்பையில் அந்தக் கல்லை நிரப்பிக்கொண்டு, மகள் இருக்கும் ஊருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். பையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். கல் என்றார். அந்த ஊரில் கல் கிடைக்காதா என்று கேட்டதற்கு, "இந்தக் கல்லு கிடைக்காது" என்றார். லாரி ஷெட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் இருந்தன, கடைசி அறை மகளுடையது. அவள் டேங்கரோடு வெளியே போயிருந்தாள். அவர் கதவுக்கு முன்னால் குனிந்து, ஒரு பாய் அகலத்துக்குக் கல்லைக் கொட்டி, கையாலேயே நிரவினார். பக்கத்து அறை மெக்கானிக், பெரியவரே யாரு நீங்க என்று கேட்டார். அவர் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அங்கே நடந்ததெல்லாம் பின்னாளில் மெக்கானிக் சொல்லித்தான் தெரியும். மறுநாள் விடிந்ததிலிருந்து அவள் கதவுக்கு வெளியே யாரோ நடந்தார்கள். வருவது, நிற்பது, போவது, திரும்ப வருவது. இடது கால் அழுத்தம், வலது கால் மெதுவாக. கதவைத் திறந்தால் யாரும் இல்லை. அவள் வேலைக்குப் போய்விட்டு வந்தாலும் நடந்துகொண்டிருந்தது. சாப்பிடும்போது நடந்தது, குளிக்கும்போது நடந்தது. மெக்கானிக் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டார். அவள் கதவைத் திறந்துவைத்து, நிலைப்படியில் உட்கார்ந்து, அந்த நடையைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இங்கே ஹாரன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே ஏன் இப்படி வியர்த்துப் போகிறார் என்று தையல்காரம்மா விசிறிவிட்டார்.

அடுத்த தடவை மகளுடைய நடை வந்தபோது நடுவில் நிற்கவில்லை. நேராக வாசற்படி வரை வந்தது. தையல்காரம்மா டீ போட ஓடினார். ஹாரன் கைப்பிடியை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஏணிக்காரர்கூட வரவில்லை. அந்த அமைதியில் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. நான்கு தையல் போட்டுவிட்டு அவர் ஜன்னலைப் பார்ப்பார், இவர் கதவைப் பார்ப்பார்.

ஒரு மத்தியானம் ஹாரன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "வந்துட்டா," என்றார்.

"சத்தமே கேக்கலையே?"

"அதான் சொல்றேன்."

வாசற்படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள், காக்கிச் சட்டை, முழங்கை வரை டீசல் கறை. பின்னால் வெளிக்கதவுக்கு அப்பால் டேங்கர் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, நாள் முழுக்க வாசல்ல நடந்துட்டே இருந்தா நான் எப்பத்தான் தூங்கறது?"

"கால் வலிக்குதும்மா," என்றார் அவர். "உள்ள வா."

அவள் கால் வைத்தாள். டீ குடித்துவிட்டு, லோடு இருக்கிறது என்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். டேங்கரைத் திருப்ப ஹாரன் ரோட்டில் நின்று கையைக் காட்டினார், அவள் அவர் சொன்ன பக்கம் திருப்பாமல் சரியான பக்கம் திருப்பினாள். பிறகு மாதம் ஒருமுறையாவது வந்துபோனாள், நினைத்ததோ அதைவிட அதிகம். பிரித்த தையல் வழியாகக் களை முளைக்கத் தொடங்கியது, கோடு போட்ட மாதிரி முற்றத்தின் நடுவில் ஒரே வரிசையாக. மகள் வரும் நாட்களில் மூன்று பேரும் உட்கார்ந்து அதைப் பிடுங்கினார்கள். மறுபடி தைத்துவிடலாமே என்று கொத்தனார் கேட்டார், தையல்காரம்மா வேண்டாம் என்றுவிட்டார். மெக்கானிக் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டார், அந்த நடை கேட்காத நாளில்தான் பெரியவருக்கு உடம்பு சரியில்லையோ என்று மகளிடம் விசாரித்தார். ஏணி இன்னும் வரவில்லை.