கீழ்ப் பெட்டியில் ஒரு ராணி

ஈக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தபோது, அவளுடைய படுக்கையில் படுக்கை இல்லை.

மெத்தை இருந்தது. விரிப்பைக் காணோம், போர்வையைக் காணோம். தலையணை உறை உரிக்கப்பட்டு மொட்டையாகக் கிடந்தது.

அந்த உறைக்குள்தான் ராணி இருந்தாள்.

தேனீக்களின் ராணி. தீப்பெட்டி அளவில் ஒரு மரக்கூண்டு. ஒரு பக்கம் கம்பி வலை. ஒரு முனையில் சர்க்கரைப் பாகு அடைப்பு, மறுமுனையில் தக்கை. உள்ளே அவளும், அவளுக்கு ஊட்டிவிடுவதற்கென்றே கூட வந்த ஒரு சின்னக் கூட்டம் வேலைக்கார ஈக்களும்.

ஈக்காரிக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் நாத்தனார். வீட்டுக்குப் பின்னால் பெட்டிகளை அடுக்கி ராணித் தேனீ வளர்த்து விற்கப் போகிறேன் என்று இவள் கிளம்பியபோது, "ஆடு வளர்ப்பாங்க, மாடு வளர்ப்பாங்க. எங்க அண்ணி ஈ வளக்குறா!" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததில் ஒட்டிக்கொண்டது. புருஷன் சிரிக்கவில்லை. ஆனால் தையல் ஆலையில் இவளுக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தான். திங்கட்கிழமை சேர வேண்டும்.

"இந்த ஒரு ராணியைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாரு. மலையில அது பொழச்சு, அந்தத் தோட்டக்காரரும் சரின்னுட்டா ஆலையை மறந்துடலாம். இல்லேன்னா பெட்டியை எல்லாம் வித்துடலாம். சரியா?"

"சரிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள்.

மலைமேல் ஒரு பழத்தோட்டம். அங்கே வரிசையாகத் தேனீப் பெட்டிகள், பாதிக்குமேல் ராணி இல்லாமல். மரங்களில் பூ திறக்கிற வாரம் இது. முதலாளி வேறு இரண்டு இடங்களில் ராணி வாங்கிப் பார்த்துவிட்டார். பெட்டி ஈக்கள் இரண்டையும் கொன்றுபோட்டன. "ஒண்ணு கொண்டு வாங்கம்மா. என் ஈக்கள் ஏத்துக்கிட்டா மிச்சத்துக்கும் உங்ககிட்டயே" என்று போனில் சொல்லியிருந்தார்.

இப்போது அந்த ஒன்றைக் காணவில்லை.

*

முந்தின நாள் மாலை பஸ் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. தோட்டத்துக்குப் போக வண்டி இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே ஒரு கேப்சூல் ஹோட்டல். இருப்பதிலேயே மலிவு. அறை என்று எதுவும் கிடையாது. நீளக் கூடத்தில், சுவரோடு சுவராக மேலொரு வரிசை, கீழொரு வரிசை என்று பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மெத்தை, ஒரு விளக்கு, வாசலுக்கு ஒரு சுருட்டுத் திரை. முதல் தடவை வருகிறவர்கள் சவப்பெட்டி என்று முனகுவார்களாம். ஈக்காரிக்கு அப்படித் தோன்றவில்லை. தேனடையில் படுக்கை போட்டு வாடகைக்கு விட்ட மாதிரிதான் இருந்தது அவளுக்கு. இத்தனை நாள் வெளியே நின்று பார்த்ததை, உள்ளே படுத்துப் பார்க்கப் போகிறாள். அவ்வளவுதான்.

படுத்த கொஞ்ச நேரத்தில் மேல் பெட்டியிலிருந்து ஒரு தலை தொங்கியது. மூக்குக் கண்ணாடி விற்பனைக்காரர். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்.

"ஏம்மா, போன் அடிச்சுக்கிட்டே இருக்கு பாருங்க. எடுங்க, இல்ல அமத்துங்க."

"போன் இல்லீங்க சார்…"

"அப்போ அந்த 'உர்ர்ர்' என்ன, என் வயிறா?"

உண்மையைச் சொன்னால் இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள், அவளையும், ராணியையும்.

"அமத்திடறேன் சார்" என்று சொல்லிவிட்டு, கூண்டைக் கம்பளிச் சாக்ஸில் சுற்றித் தலையணை உறைக்குள் சொருகிக்கொண்டாள். குளிருக்குத் தன் தலைச்சூடு போதும் என்று கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. காலையில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே சுகமான முனகல்.

குளியலறைக்குக் கூண்டை எடுத்துப் போகவில்லை. சோப்பு வாசனை ஈக்களுக்கு ஆகாது. அதோடு, பெட்டிக்குள் காற்று புழுங்குகிறதே என்று திரையை முழுக்க மேலே சுருட்டி விட்டுப் போனாள். ஈ வளர்க்கிறவர்கள் எதை மறந்தாலும் காற்றோட்டத்தை மறக்கமாட்டார்கள். ஒரு பெட்டியை விட்டு நகர்ந்தால் கை தானாக எதையாவது திறந்து வைத்துவிட்டுத்தான் வரும்.

அந்தக் கைதான் வினையை இழுத்துவிட்டிருந்தது.

*

"என் பெட்டியை யாரு காலி பண்ணது?"

வரவேற்பு மேசைப் பெண் கணினியிலிருந்து நிமிர்ந்தாள். "நீங்கதானே மேடம் காலி பண்ணீங்க?"

"நான் எங்க காலி பண்ணேன்? பல்லு விளக்கப் போனேன்!"

"திரை மேல இருந்துச்சே. திரை கீழ இருந்தா ஆள் இருக்காங்கன்னு அர்த்தம். மேல சுருட்டிட்டா கிளம்பிட்டாங்கன்னு அர்த்தம். உடனே துணியை உருவிடுவோம். நேத்து வந்ததும் சொன்னேனே மேடம்."

சொல்லியிருப்பாள். ஈக்காரியின் காது அப்போது சட்டைப்பைக்குள் இருந்த கூண்டின்மேல் இருந்தது.

"உருவின துணி எங்க?"

"சலவைக்குப் போயிடுச்சு. ஏன்? உறையில ஏதாவது வெச்சிருந்தீங்களா? நகையா?"

"ராணி."

"யாரு?"

"ராணித் தேனீ. கூண்டுக்குள்ள. உசுரோட."

பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "மேடம், இங்க செல்லப் பிராணிக்கெல்லாம் அனுமதி இல்ல!"

"செல்லமெல்லாம் இல்லம்மா, வேலைக்குப் போறவ. இன்னிக்குத்தான் சேரணும். எந்தக் கடை, சொல்லு!"

பின்னால் படிக்கட்டில் கண்ணாடிக்காரர் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார். "உங்க போனையா தேடறீங்க? வெள்ளை மூட்டையில கட்டித் தூக்கிட்டுப் போனாங்களே. படியிறங்கற வரைக்கும் கத்திக்கிட்டே போச்சு."

கத்திக்கொண்டே போனது என்றால், அப்போதுவரை உயிர் இருந்திருக்கிறது. ஆனால் சலவைக்கடையில் முதல் வேலை என்ன? மூட்டையை அவிழ்த்து, அப்படியே இயந்திரத்தில் கொட்டி, கொதிக்கிற தண்ணீரைத் திறந்துவிடுவது.

ஈக்காரியின் முகத்தைப் பார்த்த வரவேற்புப் பெண் என்ன நினைத்தாளோ, மேசையைவிட்டு எழுந்துவிட்டாள். "சார், ரெண்டு நிமிஷம் மேசையைப் பாத்துக்குங்க."

"நான் விருந்தாளிம்மா!"

"யாராவது கேட்டா 'நிரம்பிடுச்சு'ன்னு சொல்லிடுங்க."

இருவரும் ஓடினார்கள்.

வெளியே மூடுபனி. எதிரே வருகிற ஆள் மூக்கில் இடித்த பிறகுதான் ஆள் என்று தெரியும். தெரு சரிவாக இறங்கியது. ஈரமான கல்படி வேறு. முன்னால் பெண்ணின் சிவப்புக் கம்பளிச் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிய, அதைப் பிடித்துக்கொண்டே ஓடினாள் ஈக்காரி. வலப்பக்கம் திரும்பியதும் வெந்நீரும் சலவைச் சோடாவும் கலந்த வாசனை வந்தது.

சலவைக்கடை வாசலில், மூடிய கதவுக்கு முன்னால், தடிமனான கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு அக்கா குறுக்கே நின்றார். கடையே அவருடையதுதான்.

"உள்ள போகாதீங்க! உங்க ஹோட்டல் மூட்டையில பாம்பு வைக்காத குறைதான்!"

"மெஷின்ல போட்டுட்டீங்களாக்கா?" ஈக்காரிக்கு மூச்சு வாங்கியது.

"எதைப் போடறது? நான் ஒவ்வொரு உறையையும் உதறித்தான் போடுவேன். பல்செட்டு, பேனா, போன், எல்லாம் விழும். இன்னிக்கு சாக்ஸுக்குள்ள ஒரு மரப்பெட்டி. ஏதோ அத்தர் டப்பான்னு தக்கையைப் புடுங்கினேன். ரொய்ங்னு கிளம்பிச்சு! கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். ஒண்ணு கையில கொட்டிடுச்சு, பாருங்க."

கொட்டியது வேலைக்கார ஈ. கொட்டியதும் அது செத்திருக்கும். அதற்கு வருத்தப்பட இப்போது நேரமில்லை. கதவைச் சாத்தியதற்காக அந்த அக்காவின் காலிலேயே விழலாம் போலிருந்தது ஈக்காரிக்கு.

உள்ளே நுழைந்து கதவை மறுபடி சாத்தினாள். வெதுவெதுப்பான அறை. இரண்டு ஜன்னல். ஒன்றை விரிப்பால் மூடினாள். விளக்கை அணைத்தாள். இனி வெளிச்சம் ஒரே கண்ணாடியில்தான். ஈ எங்கே இருந்தாலும் அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

வந்தன. ஒவ்வொன்றாக வந்து கண்ணாடியில் ஏறின. எல்லாம் பொடிசுகள். நீள வயிறும் பழுப்பு நிறமும் கொண்ட அந்த ஒருத்தியை மட்டும் காணோம்.

விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இயந்திரத்தின் வாய்க்குள் கையை விட்டுத் துழாவினாள். தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். இல்லை.

கதவு லேசாகத் திறந்தது. "கிடைச்சுதா?" என்று எட்டிப் பார்த்த அக்கா, பதிலுக்குக் காத்திராமல் தெருப்பக்கம் திரும்பி யாரையோ விரட்டினார். "இன்னிக்குக் கடை கிடையாது, நாளைக்கு வாங்க!"

திரும்பிய முதுகில், சால்வையின் மடிப்பில், நீளமாக ஒரு பழுப்புப் புள்ளி.

"அக்கா. அசையாதீங்க."

"ஏன்?"

"உங்க முதுகுலதான் இருக்கா."

அக்கா சிலையானார். வாய் மட்டும் வேலை செய்தது. "கொட்டுமா?"

"ராணி மனுஷங்களைத் தேடிவந்து கொட்ட மாட்டா. இன்னொரு ராணியைப் பாத்தாத்தான் கொட்டுவா."

"ஒரு வீட்ல ரெண்டு பேர் ஆகாதுன்னு சொல்லுங்க. எங்க மாமியார் ஜாதி."

வரவேற்புப் பெண் சிரித்துவிட்டாள். ஈக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா இவ்வளவு நேரம் நின்றது வெளியே, பனியில். இறக்கையைப் பிடித்து எடுத்தபோது ராணி துள்ளவில்லை. கால்கள் மடங்கியே இருந்தன.

இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, அவளை உள்ளே வைத்து, உலர்த்தும் இயந்திரத்தோடு ஒட்டி நின்றாள். விரலிடுக்கில் மெதுவாக ஊதினாள். ஊதுவதை நிறுத்திக் காதை வைத்தாள். மறுபடி ஊதினாள். திங்கட்கிழமையும் தையல் ஆலையும் வரிசையாகக் குனிந்த தலைகளும் கண்முன் வந்து போயின. வேலை மோசமில்லை. ஆனால் அங்கே எதற்கும் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தோன்றாது.

"இருக்கா?" என்றாள் பெண், ரகசியம் கேட்கிற குரலில்.

உள்ளங்கையில் ஏதோ கூசியது. பின்னங்கால் ஒன்று. பிறகு இன்னொன்று. அப்புறம், எதுவுமே நடக்காத மாதிரி, மகாராணி கட்டைவிரலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"அடிப் பாவி" என்றாள் ஈக்காரி.

கூண்டின் ஓட்டையைக் காட்டியதும் தலையை நுழைத்து உள்ளே போனாள். கூண்டை ஜன்னலோரம் வைத்ததும், கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்த பொடிசுகள் வாசனை பிடித்து ஒவ்வொன்றாகப் பின்னாலேயே நுழைந்தன. அக்காவே தக்கையை எடுத்து நீட்டினார். "இனிமே அத்தர் வாசனையே வேணாம்மா எனக்கு."

*

தோட்டத்துக்கு வரவேற்புப் பெண்ணின் ஸ்கூட்டரில்தான் போனார்கள். "நான்தானே துணியை உருவச் சொன்னேன்" என்று அவளே வண்டியை எடுத்தாள். மேலே ஏற ஏறப் பனி கீழே தங்கிவிட்டது. வெயிலில் மரங்கள் வெள்ளையாகப் பூத்து நின்றன.

தோட்ட முதலாளி கைகுலுக்கவில்லை, காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. நேரே பெட்டிக்குக் கூட்டிப்போனார். "வெயில் இருக்கும்போதே திறந்திடணும். வழியில ஒண்ணும் ஆகலையே?"

வரவேற்புப் பெண் ஈக்காரியைப் பார்த்தாள். சொல்லாதே என்று கண் கெஞ்சியது.

"ஆச்சுங்க" என்றாள் ஈக்காரி. "குளிர்ல விறைச்சுட்டா. சூடுகாட்டி எழுப்பினேன். இப்போ நல்லா நடக்கிறா. ஆனா உங்க ஈக்களுக்குப் பிடிக்குமான்னு அதுங்கதான் சொல்லணும்."

முதலாளி குனிந்து கூண்டைப் பார்த்தார். "முந்தி ரெண்டு பேரும் பொய் சொல்லித்தான் எனக்கு வித்தாங்க. திறங்க."

ஈக்கள் அடங்கக் கொஞ்சம் புகை. மூடியைத் தூக்கினாள். ராணி இல்லாத பெட்டிக்கென்று ஒரு சத்தம் உண்டு. ஒரே சுருதியில் நிற்காமல், ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கிற இரைச்சல். அதுதான் எழுந்து வந்தது. தேனடைச் சட்டங்களின் நடுவில் கூண்டைப் படுக்க வைத்தாள்.

ஈக்கள் ஏறின. இரண்டு, பத்து, பிறகு வலையே தெரியாத அளவுக்கு.

"இப்படித்தான் போன தடவையும் ஏறிச்சு" என்றார் முதலாளி. "அப்புறம் வலையைக் கடிச்சுது. பிரிக்கவே முடியல."

அதுதான் பரீட்சை. வெறுப்பு வந்தால் ஈக்கள் கொத்தாக இறுகி வலையைக் கவ்விக்கொள்ளும். விரலால் தள்ளினாலும் நகராது. ஈக்காரி கையுறையைக் கழற்றினாள். ஆள்காட்டி விரலை அந்தக் கூட்டத்தின் மேல் வைத்து, மாவை ஒதுக்குகிற மாதிரி மெல்ல ஒதுக்கினாள்.

நகர்ந்தன. கொஞ்சமும் முரண்டு பிடிக்கவில்லை. வழிவிட்டு, சுற்றி வந்து, வலைக்குள் நாக்கை நீட்டி அவளுக்கு ஊட்ட ஆரம்பித்தன. பெட்டியின் ஓரத்தில் சில ஈக்கள் வாலைத் தூக்கிச் சிறகடித்து, ராணி வந்த சேதியை வாசனையாகப் பரப்பின.

முதலாளி குனிந்து காதைக் கொடுத்தார். இரைச்சல் தணிந்துகொண்டு வந்தது.

"அடேங்கப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "மிச்சப் பெட்டிகளுக்கு எப்போ?"

"இவங்க பாகு அடைப்பைத் தின்னு அவளை வெளிய விட மூணு நாலு நாள் ஆகும். முட்டை வெச்சதைப் பாத்துட்டுத்தான் மத்ததைப் பேசுவேன். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"எங்க வீட்ல தங்கிக்குங்களேன். பெரிய ரூம் இருக்கு."

"வேணாங்க, பெட்டியே பழகிடுச்சு" என்றாள். "ஆனா இனிமே தலையணை உறையில ராணி கூடாது!" என்று பக்கத்திலிருந்து கண்டிப்பாகச் சொன்னாள் வரவேற்புப் பெண்.

போன் நிஜமாகவே அடித்தது. புருஷன்.

"என்னாச்சு? ஆலையிலேருந்து கூப்பிட்டாங்க. திங்கக்கிழமை வர்றியா இல்லையான்னு இன்னிக்கே சொல்லணுமாம். ரெண்டு நாள் தவணை கேட்கட்டுமா?"

ஈக்காரி திறந்த பெட்டியைப் பார்த்தாள். விரல் நுனியில் ஒரு ஈ உட்கார்ந்து ஏதோ நக்கிக்கொண்டிருந்தது. முட்டை இன்னும் வைக்கவில்லை. நாலு நாளில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

"தவணை வேணாங்க" என்றாள். "வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடுங்க."



"சரி" என்றான் புருஷன். "அப்போ வீட்ல இருக்கிற மத்த பெட்டிகளுக்கு நான் என்ன பண்ணணும்னு சொல்லு. எழுந்து போய்ப் பாக்கறேன்."