தேவஇரக்கத்தின் வலது கால்

பால்ச்சாமி ஆசாரி சவப்பெட்டிக்கு அளவு கேட்டதும் முற்றத்தில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். செத்துக் கிடப்பது தேவஇரக்கம். தொழுவத்துக்குள் போய்ப் பிணத்தோரம் கயிறு பிடிக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் மகள் அன்னத்தாய்தான் கயிற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளும் ஒன்றும் தொட்டுவிடவில்லை. பாயில் கிடந்தவரின் தலைமாட்டில் ஒரு சுள்ளியும் கால்மாட்டில் ஒரு சுள்ளியும் மண்ணில் குத்தி, இடையில் உள்ள தூரத்துக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆசாரி அகலம் கேட்டார். வலது கால் மட்டும் இரண்டு கால் பருமன் இருக்கும், பார்த்து அகலமாகவே போடுங்கள் என்றாள்.

அந்தக் கால் வீங்க ஆரம்பித்து ஒன்பது வருசம். கரிசலில் பருத்திக்கு உழுதுகொண்டிருந்தபோது உள்ளங்காலில் உடைமுள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு மாட்டை ஓட்டினார். முள் குத்தியதற்கெல்லாம் ஏரை நிறுத்துகிறவன் இந்தச் சீமையில் எவன் இருக்கிறான்? ஆறேழு மாசத்தில் அந்த இடத்தில் ஒரு கட்டி வந்தது. அது உடைந்து, பக்கத்தில் இன்னொன்று வந்து, கால் முழுக்கத் துளையாகிப் போனது. துளைகளிலிருந்து நீரோடு, கடுகில் பாதி அளவுக்குக் கறுப்பு மணிகள் விழுந்தன. பார்த்தவர்கள் பெருநோய், குஷ்டம்தான் என்றார்கள். முதலில் சொன்னது யார் என்று இன்றைக்குக் கேட்டால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வாரத்திலேயே ஊர் பூராவும் சொன்னது.

அன்னத்தாயின் அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அதனால் அப்பாவைத் தொழுவத்துக்கு மாற்றியது அன்னத்தாய்தான். தனித் தட்டு, தனிச் செம்பு, தனிப் பாய். வேதக்கோயிலில் திருவிருந்து நாளில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடித்து முடித்த பிறகு அவருக்கு மட்டும் ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் வரும். பிறகு அவர் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். மகளைக் குறை சொல்ல முடியாது, மூன்று வேளையும் சோறு நேரத்துக்குப் போனது. கல்லின் மேல் தட்டை வைத்துவிட்டு அவள் நாலு அடி தள்ளி நின்றுகொள்வாள்.

சபை மூப்பர் ஞானராஜ் அவளுக்குத் தாய்மாமன். கெட்டவர் என்று சொல்வதற்கில்லை, பயந்தவர். அவர் அன்னத்தாயைத் தனியாகக் கூப்பிட்டார்.

"குழிய வேலியோரமா தோண்டச் சொல்லிட்டேன். பெட்டிய இங்ஙனயே ஆணி அடிச்சு மூடிருவோம். கோயிலுக்குள்ள கொண்டு போக வேண்டாம்."

"எங்கம்மா பக்கத்துல எடம் கெடக்கே மாமா."

"அங்க கல்லறைத் திருநாளுக்குப் பிள்ளைகுட்டியோட வந்து உக்காருவாக தாயி. நாலு பேரு நாலு விதமா பேசுவாக."

வேலியோரம் என்றால் கல்லறைத் தோட்டத்துக் கள்ளிப் புதருக்குக் கீழே. பெருநோயில் செத்த இரண்டு பேரை முன்பு அங்கே புதைத்ததோடு சரி, ஒருத்தரும் அந்தப் பக்கம் மெழுகுவர்த்தி கொண்டுபோனதில்லை. ஒன்பது வருசம் அவள் வெளியே வைத்த மனுசனைச் செத்த பிறகும் வெளியே போடப் போகிறார்கள். அன்னத்தாய்க்கு மாமன் மேல் வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே வந்தது. அப்போதுதான் அவள் டாக்டர் பேச்சை எடுத்தாள்.

போன மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அப்பாவை வண்டியில் போட்டுக் கொண்டுபோனது அவள் புருசன் ஜேசுதாசன். மதுரையிலிருந்து வியாழக்கிழமைதோறும் ஹுமாயூன் என்று ஒரு டாக்டர் வருகிறார், இந்த மாதிரிக் கால்களாகத் தேடித் தேடிப் பார்க்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டாக்டர் அந்தக் கறுப்பு மணிகளைக் குப்பியில் எடுத்துக்கொண்டு, வளர்த்துப் பார்த்துச் சொல்கிறேன், ஒரு மாசம் ஆகும் என்றாராம். அப்பா திரும்பி வந்து நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "காலத் தூக்கித் தம் மடியில வச்சுப் பாத்தாருட்டி," என்றார். மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் வியாழக்கிழமை, டாக்டரே வந்து என்ன நோய் என்று சொல்லட்டும், அதுவரைக்கும் பெட்டியை மூடக் கூடாது என்றாள். நாலு மணி வரைக்கும் பார்ப்பேன், அதற்கு மேல் என்னால் ஆகாது என்றார் மூப்பர். ஜேசுதாசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். ஏழு மைல், பாதி வழி வண்டித்தடம். அவன் வருகிற வரைக்கும் அன்னத்தாய் தொழுவ வாசலை விட்டு நகரவில்லை. ஆணியும் சுத்தியலுமாக யார் வந்தாலும் மறித்துவிடுவது என்று நின்றாள்.

மூன்றரைக்கு டாக்டரை ஏற்றிக்கொண்டு ஜட்கா வண்டி வந்து நின்றது. டாக்டருக்கு முப்பது வயசுதான் இருக்கும், மூக்குக்கண்ணாடி, ஒல்லி உடம்பு. அவர் உயிரோடு இருக்கும்போதே, இரண்டு நாள் முந்தி நான் வந்திருக்கலாம் என்று அன்னத்தாயிடம் சொன்னார். நேரே உள்ளே போய்த் துணியை விலக்கி, குத்தவைத்து உட்கார்ந்து அந்தக் காலை வெறுங்கையால் தூக்கினார். வாசலில் நின்ற கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது. துளையோரம் அழுத்தியதும் உள்ளங்கையில் விழுந்த மணிகளை மூப்பரிடம் நீட்டினார்.

"பெருநோய் இல்லைங்க இது. மண்ணுல இருக்கிற பூஞ்சக்காளான். முள்ளோட உள்ள போயி எலும்பு வரைக்கும் தின்னுருச்சு. மதுரையில உருளைக்கிழங்குத் துண்டுல போட்டு நானே வளத்துப் பாத்துட்டேன். ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது."

மூப்பர் மணிகளைத் தொடாமலே பார்த்தார். அதை எப்படி நம்புவது, பார்வைக்கு அப்படித்தானே இருக்கிறது என்று கேட்டார். பெருநோய் பிடித்த இடத்தில் உணர்ச்சி செத்துப்போகும், தீ சுட்டால்கூடத் தெரியாது என்றார் டாக்டர். பிறகு பொதுவாக எல்லாரையும் பார்த்து, "இவருக்குக் கால் வலிச்சுதா?" என்று கேட்டார்.

தொழுவத்தில் மாடு திரும்பும்போது அந்தக் காலில் இடித்துவிட்டால் அவர் போடுகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். தெருக்கோடி வீடு மூப்பருடையது.

"வலிச்சுச்சு," என்றாள் அன்னத்தாய்.

மூப்பர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆளைக் கூப்பிட்டு, அந்தக் குழியை மூடிவிட்டு என் தங்கச்சி பக்கத்தில் தோண்டு என்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. மருமகளிடம் தாய்மாமன் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இங்கே எங்கே இருக்கிறது? அன்னத்தாயும் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் காலிலிருந்து இன்னும் கொஞ்சம் கறுப்பு மணி எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவளிடம் கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கை கழுவியபோது ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்தான். எந்தப் பிணத்தைத் தொட்டாலும் கழுவத்தான் செய்வேன் என்று டாக்டர் நிமிராமலே சொன்னார். மதுரைக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று உடனே புறப்பட்டும் போனார்.

அதற்குப் பிறகு கைகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று பேர் சேர்ந்து குளிப்பாட்டினார்கள். ஜேசுதாசனின் கல்யாணச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். பெட்டி திறந்தபடியே கோயிலுக்குள் போனது. ஜெபம் முடிந்து, மூடுவதற்கு முன் நெற்றியில் முத்தம் கொடுப்பது அங்கே வழக்கம். மூப்பர்தான் முதலில் குனிந்தார். மூப்பரே குனிந்த பிறகு மற்றவர்கள் யோசிக்கவில்லை, வரிசையாக வந்தார்கள். ஒன்பது வருசமாகத் தொழுவத்து வாசலை மிதிக்காத பெண்டுகள் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்கள். அன்னத்தாய் கடைசியில் போனாள்.

நெற்றி குளிர்ந்து கிடந்தது. சோப்பு மணம் அடித்தது. அவள் முத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். உதட்டில் ஏதோ சொரசொரவென்று பட்டது. பார்த்தால், அவளுடைய சேலை முந்தானை. வலது கை தானாகவே வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

வேறு யாரும் கவனிக்கவில்லை. மூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பால்ச்சாமி ஆசாரி மட்டும் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செத்த பொறுங்க ஆசாரி," என்றாள்.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அன்னத்தாய் மறுபடியும் குனிந்தாள்.