முட்டிக்கு அடியில் குலிங்

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து பதினெட்டு நாள் ஆகியும் எல்லோரும் மரியாதையாக இபு, அதாவது அம்மா, என்று கூப்பிடும் சுலஸ்திரியின் வலது கால் நேராகவில்லை. மகள் வெனிங்கின் கல்யாணத்துக்கு இன்னும் ஆறே வாரம். இந்தோனேசியாவின் செமாராங்கில் பெண்ணைப் பெற்றவள் மேடையில் மணமக்கள் பக்கத்தில் நின்று, வருகிற ஒவ்வொருவர் கையையும் தொட்டாக வேண்டும். அதற்காகத்தான் அவள் கத்திக்கே சம்மதித்தாள்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் தனாங், முட்டியில் அளவுகோலை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"மடக்குறது தொண்ணூறு வந்துடுச்சு, இபு. ஆனா நீட்டும்போது பதினஞ்சு டிகிரி குறையுது. போன வாரம் பன்னெண்டுதான் இருந்துச்சு. பின்னாடி போறீங்களே?"

"மூணு வேளையும் பண்றேன் தம்பி. குதிகாலுக்கு அடியில துண்டு வச்சு முட்டியை அமுக்குறேன், ஐஸ் வைக்கிறேன், வாக்கர் பிடிச்சு நடக்குறேன். இதுக்கு மேல என்ன, டான்ஸா ஆடணும்?"

"இப்படியே விட்டா என்ன ஆகும்?" வெனிங் கேட்டாள்.

"நொண்டித்தான் நடப்பாங்க. பத்து நிமிஷம் நின்னாலே தொடை எரியும்."

சுலஸ்திரியின் முகம் தொங்கிப்போனது. தனாங் கொஞ்சம் யோசித்தான்.

"எப்படித் தூங்குறீங்க? படுத்துக் காட்டுங்க."

மல்லாந்து படுத்தாள். கை தானாகவே பக்கத்தில் கிடந்த குலிங்கை இழுத்தது. எல்லா வீட்டுக் கட்டிலிலும் கிடக்கிற அதே நீளமான உருண்டைத் திண்டுதான். அதை வலது முட்டிக்கு அடியில் செருகி, "அப்பாடா" என்றாள்.

"இபு!" தனாங் தலையில் கை வைத்தான். "முட்டிக்கு அடியில தலையணை வைக்காதீங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களா இல்லையா?"

"தலையணையா வச்சேன்? இது குலிங். பொறந்ததுலேர்ந்து கட்டிப்பிடிச்சுத் தூங்குனது. இப்ப ஒருக்களிச்சுப் படுக்க முடியல, அதுக்காக அனாதையா விட்டுட முடியுமா?"

"எட்டு மணி நேரம் மடக்கி வச்சுட்டு அரைமணி நேரம் நீட்டுனா எது ஜெயிக்கும்?"

வெனிங் குலிங்கைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

முதல் வாரம் வலியும் தூக்கமின்மையுமாகப் போனது. "மகளா, திருடியா?" என்று தினமும் காலையில் திட்டினாள். ஆனால் பதினைந்து பத்தானது, ஆறானது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மூன்றில் வந்து நின்றது.

கல்யாணத்தன்று காலையில், மண்டியிட்டு அம்மா முட்டியில் தலை வைத்து ஆசி வாங்கும் சடங்கு. வெனிங் தயங்கி இடது முட்டிப் பக்கம் நகர்ந்தாள்.

"எங்க போற? புதுசு இருக்கும்போது பழசுல போய் வைக்கிறியே?"

"வலிக்கும்மா."

"கொஞ்சம் வலிக்கும். வை."

வரவேற்பில் கூட்டம் வரிசையாக வந்தது. சுலஸ்திரி நின்றாள். முட்டி சூடேறி வீங்குவது கட்டியிருந்த பாத்திக் துணிக்குள் தெரிந்தது. வரிசையில் வந்த தனாங், அவள் கையைத் தொடும் முன் காலைத்தான் பார்த்தான்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"ஒரு மணி நேரம் ஆச்சு."

"போதும், உக்காருங்க. ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசத்துல இதுவே அதிகம். வீக்கம் முழுசா வத்த இன்னும் பல மாசம் ஆகும்."

நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டினாள். நேராக நீண்டது.

"தம்பி, என் குலிங்?"

"ஒருக்களிச்சுப் படுத்தா ரெண்டு முட்டிக்கும் நடுவுல வச்சுக்கலாம். அடியில மட்டும் கூடாது."

சுலஸ்திரி மகள் பக்கம் திரும்பினாள். "கேட்டியாடி? மாப்பிள்ளை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாத."