சம்பூர்ணம் சொன்ன மழை

மலைச்சாலையில் சிறுபாலம் வேலை. ஓடைக்குள் தோண்டிய ஆளுயரக் குழியில் வெற்றிவேலும் சசிகலாவும் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கரையில் சின்னராசு கலவை மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல வெயில்.

சின்னராசுவின் போன் அடித்தது. மலைமேல் இருக்கும் மேலூரிலிருந்து அவன் மனைவி சம்பூர்ணம். அங்கே பெய்தால் இங்கே ஓடையில் தண்ணீர் வரும். அதைச் சொல்லத்தான் கூப்பிடுவாள்.

"ஸ்பீக்கர்ல போடுப்பா, கேப்போம்," என்றார் மேஸ்திரி ராஜவேலு.

இந்த வாரம் திங்கட்கிழமை, "மானம் பொத்துக்கிச்சி, மழை கொட்டுது" என்றாள். கணுக்கால் தண்ணீர் வந்தது. புதன்கிழமை, "யானை நின்னுகினு மூத்திரம் வுட்றாப்ல ஊத்துது" என்றாள். அரைநாள் வேலை நின்றது; மணல்கூட நனையவில்லை.

இன்று, "மழை பெய்யுதுய்யா. மேல ஏறிடு," என்றாள். போன் நின்றுவிட்டது.

ராஜவேலு சிரித்தார். "இன்னிக்கு யானை வரல போல. கலவைய எறக்குங்கப்பா."

சின்னராசு அசையவில்லை. ரசத்தில் உப்பு கூடினாலே சமுத்திரத்தையே பேச்சில் இழுத்துவருகிறவள் அவள். திரும்பக் கூப்பிட்டான். லைன் போகவில்லை.

"மேஸ்திரி, ஆளுங்கள ஏத்தணும்."

"கலவை இறுகிடும்பா. அவதான் பெருசா ஒண்ணுமே சொல்லலியே."

"அதாங்க. ஒண்ணுமே சொல்லல. பயந்துட்டா."

"உம் பொண்டாட்டி சொன்னாலும் வேலை நிக்கணும், சொல்லாட்டியும் நிக்கணுமா?"

சின்னராசு மிஷினை அணைத்தான். ஏணியைக் குழிக்குள் இறக்கினான். வெற்றிவேல் திட்டிக்கொண்டே ஏறினான். சசிகலா ஏறவில்லை. புடவைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கை, கம்பி முனையில் மாட்டியிருந்தது. ஓடை மணலில் செம்மண் தண்ணீர் விரல் தடிமனுக்கு, சருகைத் தள்ளிக்கொண்டு வந்தது. சின்னராசு உள்ளே குதித்து சட்டையைக் கிழித்தான். அவளை முன்னால் ஏற்றினான். அவன் கரையில் கால் வைத்தபோது வெள்ளம் பாய்ந்து வந்தது; குழி இல்லை. ஏணியும் இல்லை. பலகைகளும் கம்பிகளும் போயின. கரை சரிந்து மிஷினும் போனது.

ராஜவேலு சாலையிலேயே குந்திவிட்டார்.

போன் மறுபடி அடித்தது. "ஏறிட்டியாய்யா?"

"ஏறிட்டோம். எல்லாரும்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னா மழைய்யா இது. மலைய புடிச்சி குளிப்பாட்டி வுடுது. வூட்டாண்ட வேலியெல்லாம் பாம்பாட்டம் நெளிஞ்சிகினு போவுது..."

சின்னராசு மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சொல்லு," என்றான். "இன்னும் சொல்லு."